தாழக் குதிக்காதே, தம்பி!

(வாலிபருக்கும் பெற்றோருக்கும் வேதபாடம்)

வாசிக்க வேண்டிய பகுதிகள்: மத்தேயு 4:5-7, சங்கீதம் 91:9-12, 2 சாமுவேல் 2:12-23, உபாகமம் 22:8, அப்போஸ்தலர் 20:7-12

 

இந்த மாதப் பாடத்தை ஒரு சாட்சியோடு ஆரம்பிக்கிறேன். இது வெற்றிச் சாட்சி அல்ல. நான் வெட்கப்பட்டு நின்ற ஒரு சாட்சி.

1999-ம் வருஷம். குன்றக்குடியில் நான் ஞாயிறு பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது தூர்தர்ஷனில் "சக்திமான்" வந்துகொண்டிருந்த காலம். 1997-ல் தொடங்கி 2005 வரை ஓடிய தொடர் அது. மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னா, அதில் சக்திமானாக ஒரு விரலை உயர்த்திச் சுழன்று சுழன்று வானத்தில் எழும்புவார். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? சுழலுவதற்குப் பாஷை வேண்டாமே! தெருவெல்லாம் பிள்ளைகள் பம்பரம் போலச் சுற்றினார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு தம்பி. நல்ல பையன், வசனம் ஒப்புவிப்பதில் முதல் பரிசு. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏறி, கூட்டாளிகள் கீழே நின்று கைதட்ட, சுழன்று குதித்துவிட்டான். பத்தடிக்கு மேல் உயரம். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். "ஏன்டா தம்பி இப்படிச் செஞ்ச, டிவியைப் பாத்தா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"டிவியைப் பாத்துதாண்ணே ஏறுனேன். ஆனா குதிக்கறதுக்குப் பயமா இருந்துச்சு. அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. தூதருங்க கையில தாங்கிக்குவாங்கன்னு நீங்கதானேண்ணே ஞாயித்துக்கிழமை சொன்னீங்க? ஏண்ணே தாங்கலை?"

ஆம், முந்தின நாள் நான் 91-ம் சங்கீதத்தைப் போதித்திருந்தேன். அன்று எனக்குப் பதில் வரவில்லை. தலையைத் தடவிக் கொடுத்து, ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் தம்பி இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். கையில் அவருடைய மகனின் போன். அதில் ஒரு வீடியோ. பிள்ளையார்பட்டி ரோட்டில், ஓடுகிற பைக்கின் மேல், ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து நிற்கிறான் பையன். எங்கேயோ ஒரு வீடியோவில் பார்த்ததை அப்படியே செய்திருக்கிறான். பின்னால் வருகிற பைக்கில் ஒருவன் படம் எடுக்கிறான். "அண்ணே, எங்கிட்ட அன்னிக்குச் சொல்லாத பதிலை இவங்கிட்டயாவது சொல்லுங்கண்ணே" என்று சொல்லி, அழுதுவிட்டார்.

பிரியமானவர்களே, இந்தப் பாடம் அந்தப் பதில். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தாமதமாகச் சொல்லுகிறேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

1. தேவாலயத்து உப்பரிகை: விசுவாசமா? பரீட்சையா?

மத்தேயு 4-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிசாசு இயேசுவைப் பரிசுத்த நகரத்துக்குக் கொண்டுபோய், தேவாலயத்தின் உச்சியிலே நிறுத்துகிறான். அங்கிருந்து குதிக்கச் சொல்லுகிறான். யோசித்துப் பாருங்கள். குதிக்கச் சொல்ல வனாந்தரத்திலே மலையே இல்லையா? இருக்கிறது. ஆனால் வனாந்தரத்தில் பார்க்க ஆள் இல்லை! எருசலேமில்தான் கூட்டம் இருக்கும். பிசாசு ஆண்டவரிடத்தில் கேட்டது ஒரு சாகசக் காட்சி.

இன்னொன்றைக் கவனியுங்கள். குதிக்கச் சொன்னவன் வெறுங்கையோடு வரவில்லை, வசனத்தோடு வந்தான். அதே 91-ம் சங்கீதம்! ஆனால் இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு திருட்டு தெரியும். தேவன் தமது பிள்ளையை அவனுடைய வழிகளில் எல்லாம் காக்கும்படி தூதருக்குக் கட்டளையிடுவார் என்று சங்கீதக்காரன் சொல்லுகிறான். பிசாசு சொல்லும்போது அந்த "வழிகள்" என்ற பகுதி காணாமற்போய்விட்டது. கர்த்தர் காட்டிய வழியில் நீ நடக்கும்போது இடறினால், அங்கே தூதர் உண்டு. நீயாக மாடி விளிம்பில் ஏறி, "இப்போது தாங்கும் பார்க்கலாம்" என்பது வழி அல்ல, வழியை விட்டுக் குதிப்பது.

ஆண்டவர் என்ன செய்தார்? உபாகமத்திலிருந்து ஒரே வசனத்தால் பதில் சொன்னார். தேவனைச் சோதித்துப் பார்க்கிற வேலை மனுஷனுக்கு இல்லை என்பதே அதன் கருத்து. தேவகுமாரனே குதிக்கவில்லை, தம்பி! நீ குதிக்கலாமா?

அன்று ஆஸ்பத்திரியில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். "தம்பி, தூதர்கள் தாங்குவார்கள் என்பது மெய். ஆனால் குதிக்கச் சொன்னது கர்த்தர் அல்ல." பாதி வசனத்தை நான் போதித்தேன். மீதிப் பாதியைப் பையன் தன் காலைக் கொடுத்துக் கற்றுக்கொண்டான்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஆபத்து என்று நினைக்காதிருங்கள். பெந்தெகொஸ்தே ஜனங்களாகிய நமக்கே இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவின் மலைநாட்டுச் சபைகள் சிலவற்றில், மாற்கு 16-ம் அதிகாரத்தைக் காட்டி, ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் எடுக்கிற பழக்கம் உண்டு. அதைப் பரப்பினவர்களில் முக்கியமானவரான ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955-ல் பாம்பு கடித்தே இறந்தார். கென்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோவில் ஜேமி கூட்ஸ் என்ற போதகர் 2013-ல் இந்தப் பாம்பு ஊழியத்துக்காகவே ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்தார். 2014 பிப்ரவரி 15-ம் தேதி, ஆராதனையில் பாம்பு கடித்து, வைத்தியத்தை மறுத்து மரித்தார். பவுலையும் விரியன் பாம்பு கவ்விக்கொண்டதே என்று கேட்பீர்கள். அப்போஸ்தலர் 28-ஐ வாசியுங்கள். மெலித்தா தீவிலே மழைக்கும் குளிருக்கும் பவுல் விறகு பொறுக்கி நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். பாம்பைத் தேடிப் போகவில்லை! விறகு பொறுக்கப் போன கைக்குப் பாதுகாப்பு கிடைத்தது. வேடிக்கை காட்டின கைக்கு அது வாக்குப் பண்ணப்படவில்லை.

2. கிபியோனின் குளக்கரை: பார்க்கிறவர்களுக்காகச் சாகிறவர்கள்

2 சாமுவேல் 2-ம் அதிகாரத்தில், நாம் அதிகமாகப் பிரசங்கிக்காத ஒரு சம்பவம் உண்டு. குளத்துக்கு இந்தப் பக்கம் யோவாபின் ஆட்கள், அந்தப் பக்கம் அப்னேரின் ஆட்கள். நம்ம ஊர் ஊருணிப் படிக்கட்டில் இரண்டு தெருப் பையன்கள் உட்கார்ந்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். வாலிபர் எழுந்து நமக்கு முன்பாக விளையாடிக் காட்டட்டும் என்கிறான் அப்னேர். யோவாபும் சரி என்கிறான். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவன் தலையை ஒருவன் பிடித்து, ஒருவன் விலாவில் ஒருவன் குத்தி, இருபத்துநாலு பேரும் ஒருமிக்க விழுந்தார்கள். யோசனை சொன்னவன் குளத்தங்கரையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தான்!

தம்பி, உன்னை "ஏறுடா, நான் எடுக்கிறேன்" என்று சொல்லுகிற கூட்டாளி எங்கே நிற்கிறான் என்று பார். "லைக்" போடுகிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார். விழப்போகிறவன் நீ. அவன் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான். சீன தேசத்தில் ஊ யோங்னிங் என்ற 26 வயது வாலிபன், உயர்ந்த கட்டடங்களின் விளிம்பில் கயிறில்லாமல் தொங்கி வீடியோ எடுத்துப் பெயர் பெற்றான். 2017 நவம்பரில் சாங்ஷா நகரத்தில் 62 மாடிக் கட்டடத்தின் உச்சியில் தொங்கியவன், மேலே ஏற முடியாமல் விழுந்து மரித்தான். அவன் வைத்த காமிராவே அதைப் பதிவு செய்தது.

அதே அதிகாரத்தில் ஆசகேல் வருகிறான். மானைப் போல ஓடுகிறவன். இன்றைக்கு இருந்தால் அவன் கையில் ஒரு ரேஸ் பைக் இருந்திருக்கும்! வலதுபுறமோ இடதுபுறமோ விலகிப்போ என்று அப்னேர் அவனுக்கு இரண்டு தரம் எச்சரிப்புக் கொடுத்தான். கேட்கவில்லை. வேகத்திலேயே போய் மரணத்தில் மோதினான். அவனுக்குக் கால் இருந்தது, நிற்கத் தெரியவில்லை.

2023 செப்டம்பர் 17-ம் தேதி, காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், யூடியூபில் லட்சக்கணக்கான பிள்ளைகள் பார்க்கிற டி.டி.எஃப். வாசன், பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்தார். கை முறிந்தது, கைதானார், ஓட்டுநர் உரிமம் பத்து வருஷத்துக்குப் பறிபோனது. பிள்ளைகள் அவரைப் பார்த்துப் பின்பற்றுவதை உயர்நீதிமன்றமே கவலையோடு சுட்டிக்காட்டியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் ஹெல்மெட்டும் பாதுகாப்பு உடையும் அணிந்திருந்தார், பிழைத்தார். நம்ம பையன் எதை அணிந்து செய்கிறான்? கைலியும் ரப்பர் செருப்பும்!

கணக்கையும் சொல்லுகிறேன், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பத்தடி உயரத்திலிருந்து விழுகிறவன் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பான். அதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் போய்ச் சுவரில் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். ஆகவே பைக்கில் உட்கார்ந்து முறுக்குகிறவனும் உப்பரிகையின்மேல்தான் நிற்கிறான். உயரம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சினிமாவில் செய்கிறார்களே என்பாய். அங்கே உடம்பில் ரோப் கட்டியிருக்கும், பிறகு கம்ப்யூட்டரில் அதை அழித்துவிடுவார்கள். கீழே அட்டைப்பெட்டிகளும் காற்றுப் படுக்கையும் இருக்கும். கதாநாயகனுக்குப் பதில் பயிற்சி பெற்ற வேறொருவர் குதிப்பார். தீக்காட்சி என்றால் உடையின் கீழே தீப்பிடிக்காத துணி பல அடுக்கும், தோலைக் காக்கும் குளிர்ந்த களிம்பும் இருக்கும், அணைக்க ஆட்கள் நிற்பார்கள். இவ்வளவும் இருந்தும் சாகிறார்கள். 2016 நவம்பர் 7-ம் தேதி, "மாஸ்திகுடி" என்ற கன்னடப் படத்துக்காக, பெங்களூருக்கு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்த அனில், உதய் என்ற இரண்டு நடிகர்கள், உயிர்காப்பு உடை இல்லாமல் மூழ்கி இறந்தார்கள். நம்ம தமிழ்நாட்டில், 2025 ஜூலையில், நாகப்பட்டினம் பக்கத்தில் கார் சாகசக் காட்சி எடுக்கும்போது அனுபவம் வாய்ந்த ஒரு சண்டைக் கலைஞர் உயிர் இழந்தார். தொழில் தெரிந்தவர்களுக்கே இப்படி என்றால், உனக்கு?

3. கைப்பிடிச் சுவர்: பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உபாகமம் 22:8-ஐ வாசியுங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். தேவன் எவ்வளவு நுணுக்கமானவர் பாருங்கள்! ஜெபத்துக்கு மட்டும் அல்ல, செங்கல்லுக்கும் கட்டளை கொடுத்திருக்கிறார். தூதர் இருக்கிறார்களே, சுவர் எதற்கு என்று அவர் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் நாங்கள், "டிவி பெட்டியை வீட்டைவிட்டுத் தூக்கி எறியுங்கள்" என்று பிரசங்கித்தோம். சிலர் எறிந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குப் பெட்டி சின்னதாகி, பிள்ளையின் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. எறிந்தால் தீருமா? கூட உட்கார்ந்து பார்க்கிற கண்தான் இன்றைய கைப்பிடிச் சுவர். சக்திமான் ஓடிய நாட்களில், அவன் காப்பாற்ற வருவான் என்று நம்பிப் பிள்ளைகள் குதித்ததாகவும் தீ வைத்துக்கொண்டதாகவும் நாடெங்கும் செய்திகள் வந்தன. எல்லாச் செய்தியும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் முகேஷ் கன்னாவே திரையில் வந்து, "இது படத்துக்காகச் செய்வது, நீங்கள் செய்யாதீர்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. நடிகர் சொன்னார். தகப்பன் சொன்னாரா? ஞாயிறு பள்ளி வாத்தியார் நான் சொன்னேனா?

பதினாறு வயதுப் பையனுக்கு வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிற பெற்றோரே, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த திருத்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ பொறுப்பு. 25,000 ரூபாய் அபராதமும், மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனையும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. வீட்டின்மேல் வருகிற பழி என்று மோசே எழுதினதையே நம்ம நாட்டுச் சட்டமும் எழுதியிருக்கிறது.

4. மூன்றாம் மெத்தை: விழுந்துவிட்டவனுக்கு

துரோவா பட்டணத்தில் ஐத்திகு என்ற வாலிபன், மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து, பவுலின் நீண்ட பிரசங்கத்தில் தூங்கி விழுந்துவிட்டான். சபை என்ன செய்தது? "பிரசங்க நேரத்தில் தூங்கினாயே, உனக்கு வேண்டும்" என்றார்களா? பவுல் பிரசங்கத்தை நிறுத்தினார், கீழே இறங்கினார், அவன்மேல் விழுந்து அணைத்துக்கொண்டார். பிரசங்கத்தைவிட ஒரு பையனின் உயிர் பெரிது. அல்லேலூயா!

சபையாரே, விழுந்த பிள்ளையைப் பற்றிச் சாட்சிக் கூட்டத்தில் பேசாதிருங்கள், போய் அணைத்துக்கொள்ளுங்கள். ஜெபியுங்கள். அதோடுகூட உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். உயரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவனைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள், கழுத்தையும் முதுகையும் அசைக்காதீர்கள். தலையில் அடிபட்டவன் வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, "தூங்கட்டும், விடு" என்று விடாதீர்கள். தீக்காயத்தில் பேஸ்டும் மையும் தடவாமல், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். வைத்தியரிடம் போவது அவிசுவாசம் அல்ல. வைத்தியனாகிய லூக்காதான் இந்தச் சம்பவத்தையே எழுதி வைத்தார்!

வாலிபத் தம்பியே, உன் தைரியத்தை அணைத்துப்போட நான் இதை எழுதவில்லை. தாவீதின் பராக்கிரமசாலிகள் மூவர் உயிரைப் பணயம் வைத்து, பெலிஸ்தரின் பாளயத்தைக் கடந்து, பெத்லகேம் கிணற்றின் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள் (2 சாமுவேல் 23). தாவீது அதைக் குடிக்க மறுத்துவிட்டான். அது அவனுக்குத் தண்ணீராகத் தெரியவில்லை, அந்த மனுஷரின் இரத்தமாகத் தெரிந்தது. ஒரு வாலிபனின் உயிர் ஒரு ராஜாவின் தாகத்துக்கே அவ்வளவு விலையேறப்பெற்றது என்றால், முப்பது வினாடி வீடியோவுக்கு அதைக் கொடுப்பாயா? தைரியம் இருந்தால் நீச்சலும் முதலுதவியும் முறையாகக் கற்றுக்கொள். பதினெட்டு வயதானால் இரத்ததானம் செய். ஸ்கூல் வாசலில், "வாடா, பயந்தாங்கொள்ளி" என்று கூட்டாளிகள் கேலி பண்ணும்போது, "நான் வரலைடா" என்று சொல்லிப் பார். மாடியிலிருந்து குதிப்பதைவிட அதற்குத்தான் அதிக தைரியம் வேண்டும். நம் ஆண்டவர் உப்பரிகையின்மேல் காட்டின தைரியம் அதுவே. அவரால் முடியாமல் அல்ல, பிதாவின் சித்தம் அல்லாததால் குதிக்காமல் நின்றார்.

அந்தப் பையனோடு இந்தப் பகுதிகளை உட்கார்ந்து வாசித்தேன். தகப்பனும் பக்கத்தில் இருந்தார். கடைசியில் பையன் ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்து, அந்த வீடியோவை அழித்துவிட்டு, "அப்பா, உங்க கால் இன்னும் வலிக்குமா?" என்று கேட்டான். "மழை வந்தா வலிக்கும்டா" என்றார் தகப்பன். கர்த்தருக்கே மகிமை!

சிந்திக்கச் சில கேள்விகள்

1. சங்கீதம் 91:11-ல் உள்ள எந்தப் பகுதியைப் பிசாசு மத்தேயு 4:6-ல் சொல்லாமல் விட்டான்? ஏன்?
2. நான் செய்கிற காரியத்தைப் பார்க்க யாருமே இல்லை என்றால், அதைச் செய்வேனா?
3. பெற்றோரே, இந்த வாரம் உங்கள் பிள்ளை போனில் பார்த்த மூன்று காரியங்களைச் சொல்ல முடியுமா?
4. நம்முடைய சபையில் விழுந்து கிடக்கிற ஐத்திகு யார்? கீழே இறங்கிப் போனோமா?

ஜெபம்: அன்புள்ள பரம தகப்பனே, எங்கள் பிள்ளைகளைக் கூட்டத்தின் கைதட்டலுக்கு விலக்கிக் காத்துக்கொள்ளும். உம்மைச் சோதியாமல் உம்மை நம்பக் கற்றுத்தாரும். பாதி வசனம் போதித்த எங்களை மன்னித்து, முழு ஆலோசனையையும் போதிக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.